மில் மூடிடுச்சு... ஆனா கேட் இருக்கு! - மாமாவின் கல்லீரலுக்குள் வந்த அமீபாவின் கதை

அமீபா என்ற வார்த்தைக்கு இப்போது இணையத்தில் செம மவுசு. கேரளாவில் 2024, 2025-ல் மூளைக்காய்ச்சல் மரணங்கள் அடுத்தடுத்து செய்தியானதிலிருந்து, 'மூளையைத் தின்னும் அமீபா' என்று தலைப்பில் போட்டால் போதும், ஸ்க்ரோல் செய்கிற விரல் நின்றுவிடும். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை என்பதால், அப்படி நிற்கிற விரல்களை நான் தினமும் எண்ணிக்கையாகவே பார்க்கிறேன்.

அதே 2025-ல்தான் கூமாபட்டி ரீல்ஸ் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. கூமாபட்டியை ஒட்டித்தான் பிளவக்கல் அணை. என் அம்மாவின் ஊர் பக்கத்தில் இருக்கும் வத்திராயிருப்பு என்பதால், ஆபீஸில் ஆளாளுக்கு என்னிடம் ஒரே கேள்விதான். "உங்க ஊர் டேம்ல குளிச்சா அமீபா வருமா?" முதல் விஷயம், அணையில் இறங்கிக் குளிக்க அனுமதியே கிடையாது. அடுத்தது, அமீபா என்பது ஒரே ஆள் இல்லை. கேரளச் செய்திகளில் வந்த நேக்லேரியா மூக்கு வழியாக ஏறி மூளைக்குப் போவது. உருவத்தில் அமீபா மாதிரி இருந்தாலும், வம்சாவளியில் மற்ற அமீபாக்களுக்கு ரொம்பத் தூரத்து உறவுதான். எங்கள் வீட்டுக்கு வந்தது வேறு. அதைப் பற்றி யாரும் பிரேக்கிங் நியூஸ் போட மாட்டார்கள். அது அவ்வளவு சாதாரணம்.

மாமாவுக்குத் தேங்காய் வியாபாரம். மலையடிவாரத்தில் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, காய் வெட்டி, லோடு அனுப்புவார். நாள் முழுக்கத் தோப்பில்தான். கிடைக்கிற தண்ணீரைக் குடிப்பார், கிடைக்கிற கடையில் சாப்பிடுவார். சாயங்காலம் வேறொன்றும் குடிப்பார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வாரமாக விடவில்லை. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தாலே கத்தினார். வலி தோள்பட்டை வரை ஏறியது. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தபோது, கல்லீரலின் வலது பக்கத்தில் ஓர் ஆரஞ்சுப் பழ அளவுக்குச் சீழ்க்கட்டி இருந்தது. ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். வந்தது மஞ்சள் சீழ் இல்லை. பழுப்பும் சிவப்புமாக, கெட்டியான சாக்லேட் கரைசல் மாதிரி.

"அமீபா" என்றார் டாக்டர்.

"பள்ளிக்கூடத்துல படம் போடுவாங்களே, அதுவா சார்?" என்று மாமா கேட்டார். கிட்டத்தட்ட அதேதான். பெயர் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா. சீதபேதியை உண்டாக்கும் அமீபா. மலம் கலந்த தண்ணீரிலோ உணவிலோ கண்ணுக்குத் தெரியாத கூடுகளாக வயிற்றுக்குள் போகும். குடலில் கூடு உடைந்து வெளியே வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் அங்கேயே கிடக்கும். சிலருக்குக் குடல் சுவரை அரித்து, ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் போய் உட்கார்ந்துவிடும். கல்லீரல் கட்டி பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். இலங்கையில் யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் பல வருடங்களாக இந்த நோயோடு மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே வருகிற நோயாளிகளில் கள் குடிக்கும் ஆண்களே அதிகம். இதை மாமாவிடம் சொன்னபோது, "நம்ம ஊர்லதான் கள்ளுக்குத் தடையாச்சே" என்று சமாளித்தார். அத்தை பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கொடுத்த மருந்து மெட்ரோனிடசோல். வாயெல்லாம் செம்புக்காசைச் சப்பியது போல ஒரு ருசி. இந்த அமீபாவுக்கு எதிராக அது வேலை செய்கிறது என்பது 1966-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து வெளிவந்த ஆய்வில் தெரிந்தது (ஆமாம், நம் ஆட்கள் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போய் இறங்கிய அதே டர்பன்தான்). மூன்றாவது நாள் காய்ச்சல் இறங்கியது. கொஞ்சம் தெம்பு வந்ததும் மாமா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"ஏ பாப்பா, மாத்திரை எனக்குள்ளதான போகுது? என்னையக் கொல்லாம அதை மட்டும் எப்படிக் கொல்லுது?"

டாக்டரிடம் கேட்க அவருக்குக் கூச்சம். நான் படித்தது இதழியல் டிப்ளமோ. உயிரியல் பிளஸ் டூவோடு சரி. ஆனால் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் ஆளுக்கு ராத்திரியில் போனைத் தவிர வேறு என்ன துணை? ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் பள்ளித் தோழியை வாட்ஸ்அப்பில் தொந்தரவு செய்து, அவள் அனுப்பியதையெல்லாம் படித்தேன்.

விடை மைட்டோகாண்ட்ரியாவில் இருந்தது. 'செல்லின் ஆற்றல் மையம்' என்று ஒரு மார்க் கேள்விக்கு எழுதியிருப்போமே, அதுதான். நம் செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுப்பது அங்கேதான். இந்த அமீபா வாழ்வதோ ஆக்சிஜன் அரிதான பெருங்குடலில். அதனால் நம்மைப் போல ஆற்றல் எடுக்கும் வழியையே அது விட்டுவிட்டது. வேறு வேதிப் பாதையில் காலம் தள்ளுகிறது. மெட்ரோனிடசோல் தானாக விஷம் இல்லை. யாராவது அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால்தான் விஷமாக மாறும். அமீபாவின் அந்த மாற்றுப் பாதை அதை தாராளமாகக் கொடுக்கிறது. நம் செல்லில் அப்படியே ஓர் எலக்ட்ரான் கிடைத்தாலும் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் அதைப் பிடுங்கிக்கொள்ளும். மருந்து பழையபடி சாதுவாகிவிடும். மாமாவுக்குச் சுருக்கமாக, "அது மூச்சு விடாத ஜந்து மாமா, அதனாலதான் சாகுது" என்று சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

ஏனென்றால் படித்ததில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு காலத்தில் விஞ்ஞானிகள், இந்த அமீபாவிடம் மைட்டோகாண்ட்ரியா எப்போதுமே இருந்ததில்லை என்று நினைத்தார்களாம். மைட்டோகாண்ட்ரியா என்பது 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே குடித்தனம் நடத்திய ஒரு பாக்டீரியாவின் வாரிசு. லின் மார்குலிஸ் 1967-ல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை, இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாக்டீரியா உள்ளே வருவதற்கு முன்பே பிரிந்துபோன பழைய கிளைதான் எண்டமீபா என்று 1980-களில் ஒரு கருத்து வலுவாக இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே மைட்டோகாண்ட்ரியா இல்லை. அப்புறம் என்ன?

1995-ல் கிரஹாம் கிளார்க், ஆண்ட்ரூ ரோஜர் என்ற இருவர் அமீபாவின் மரபணுக்களைத் துழாவியபோது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டுமே வேலை பார்க்கும் சி.பி.என்.60 என்ற புரதத்தின் மரபணு அதில் இருந்தது. வீடே இல்லாதவன் சட்டைப் பையில் வீட்டுச் சாவி! 1999-ல் லண்டனில் கிளார்க்கும் அவருடைய சகாக்களும் அந்தப் புரதம் செல்லுக்குள் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். அது ஒரு குட்டிப் பைக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்கு மைட்டோசோம் என்று பெயர் வைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் மிச்சம். டி.என்.ஏ இல்லை, ஆற்றல் உற்பத்தி இல்லை. ஆனால் பை இருக்கிறது, அதற்குள் போக ஒரு வாசலும் இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு அப்பாவின் மில்தான் ஞாபகம் வந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் அப்பா ஷிப்ட் பார்த்தார். நான் எட்டாவது படிக்கும்போது அதை மூடினார்கள். ஸ்பிண்டில்கள் லாரியில் ஏறிப் போயின. சங்கு நின்றது. ஆனால் கேட் மட்டும் இருந்தது, கேட்டில் வாட்ச்மேனும் இருந்தார். காலி மில்லுக்கு வாட்ச்மேன் எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். "உள்ள ஒரு பக்கத்த குடோனுக்கு வாடகைக்கு விட்ருக்காங்கம்மா" என்றார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி தேவைப்படும்.

மில்லுக்குள் ஆள் போவதும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதம் போவதும் நிறைய ஒத்துப்போகிறது. மனிதனின் மைட்டோகாண்ட்ரியா சொந்த டி.என்.ஏ-வை வைத்து உருவாக்கிக்கொள்வது வெறும் 13 புரதங்கள். அதற்குத் தேவையோ ஆயிரத்துக்கும் மேல். மிச்சத்துக்கான மரபணுக்கள் எல்லாம் காலப்போக்கில் செல்லின் உட்கருவுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. எனவே புரதங்கள் வெளியே தயாராகி, உள்ளே இறக்குமதி ஆக வேண்டும். இவற்றில் பெரும்பாலான புரதங்களின் முன்முனையில் அவை எங்கே போக வேண்டும் என்ற முகவரி, அமினோ அமில வரிசையாகவே எழுதப்பட்டிருக்கிறது. மில் தொழிலாளியின் டோக்கன் மாதிரி. வெளிச்சவ்வில் டாம் என்ற வாசல். அதில் டாம்20, டாம்22, டாம்70 போன்றவர்கள் டோக்கன் பார்க்கும் காவலர்கள். டாம்40 என்பது நடுவே இருக்கும் ஓட்டை. அடுத்து உள்சவ்வில் டிம் என்ற இரண்டாவது வாசல். ஓட்டை மிகக் குறுகலானது என்பதால், புரதம் தன் மடிப்புகளைப் பிரித்து நூல் மாதிரி நீண்டுதான் நுழைய முடியும். உள்ளே போனபின் மறுபடி மடித்துக்கொள்ள உதவுகிற ஆட்களில் ஒருவர்தான் நாம் பார்த்த சி.பி.என்.60. நூலாக உள்ளே போய் உருண்டையாகச் சுற்றப்படுகிறது என்றால் என் அப்பா இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்.

1999-ல் லண்டனில் செய்த சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அமீபாவின் சி.பி.என்.60-லிருந்து முதல் 15 அமினோ அமிலங்களை, அதாவது டோக்கனை, வெட்டி எடுத்தார்கள். புரதம் பைக்குள் போக முடியாமல் வெளியிலேயே தேங்கியது. பிறகு அந்த இடத்தில், முழு மைட்டோகாண்ட்ரியா வைத்திருக்கும் டிரிப்பனோசோமா என்ற சம்பந்தமே இல்லாத வேறொரு நுண்ணுயிரின் டோக்கனை ஒட்டினார்கள். புரதம் பைக்குள் போய்விட்டது! ஓடுகிற மில்லின் டோக்கனை, மூடிய மில்லின் வாட்ச்மேன் அடையாளம் தெரிந்துகொண்டு உள்ளே விட்டிருக்கிறார். எண்டமீபா மைட்டோகாண்ட்ரியாவைப் பார்க்காத இனம் இல்லை, வைத்திருந்து இழந்த இனம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? புரதங்கள் தம் முகவரியைத் தம்மிடமே சுமந்து செல்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக குந்தர் புளோபெலுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1999-ல்தான்.

முழு மில் ஓட்டும் அமீபாவும் உண்டு. அகாந்தமீபா என்று பெயர். எண்டமீபாவுக்கு ஒருவகையில் பங்காளி. மண், குளம், கண்மாய், குழாய்த் தண்ணீர் என எங்கும் இருக்கும். பிளவக்கல் பாசனத்தில் நிறையும் கண்மாய்களில் தேடினாலும் கிடைக்காமல் போகாது. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பாக்டீரியாவைத் தின்றுவிட்டுத் தன் பாட்டுக்குக் கிடக்கும். காயம்பட்ட கண்ணில் புகுந்தால்தான் வம்பு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு அதற்கு முன் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து அடையாளம் தெரிந்த 297 பேரில் 3 பேருக்கு அகாந்தமீபா. மேலை நாடுகளில் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வருகிற நோய், நம் பக்கம் கண்ணில் தூசி விழுந்து கண்மாய்த் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு வருகிறது.

அகாந்தமீபா ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்துகிறது. மைட்டோகாண்ட்ரியா முழுசு, வாசலும் முழுசு. பல உயிர்களின் வாசல்களை ஒப்பிட்டதில் ஒன்று தெளிவானது. நடு ஓட்டையான டாம்40 எல்லோருக்கும் பொது. காவலர்கள்தான் இனத்துக்கு இனம் மாறுகிறார்கள். விலங்குகளுக்கும் செடிகளுக்கும் டாம்20 என்ற பெயரில் காவலர் உண்டு. ஆனால் இருவரும் ஒரே குடும்பம் இல்லை என்று 2006-ல் காட்டினார்கள். செடியின் டாம்20-ல் பாகங்கள் தலைகீழ் வரிசையில் இருக்கின்றன. தனித்தனியாகத் தோன்றி ஒரே வேலைக்கு வந்தவர்கள். வாசலின் சில பாகங்களோ பாக்டீரியா காலத்துச் சொத்து. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் சாம்50, பாக்டீரியாக்கள் இன்றும் தம் வெளிச்சவ்வில் வைத்திருக்கும் ஒரு புரதத்தின் வாரிசு. ஆஸ்திரேலியாவின் ட்ரெவர் லித்கோ குழு, உள்வாசலின் பாகங்களுக்கு உறவான புரதங்களை காலோபாக்டர் என்ற பாக்டீரியாவில் 2009-ல் காட்டியது. அங்கே அவை வேறு வேலையில் இருந்தன. யாரும் உட்கார்ந்து பிளான் போட்டுக் கட்டிய கேட் இல்லை இது. கையில் கிடைத்த கம்பியையும் தகரத்தையும் வைத்து வெல்டிங் செய்தது.

மூடிய மில்லுக்குத் திரும்புவோம். டோக்கியோவில் தொமோயோஷி நோஸாகி, தகாஷி மகியுச்சி குழுவினர் 2013-ல் எண்டமீபாவின் வாசலைப் பிரித்துப் பார்த்தார்கள். டாம்40 இருக்கிறது. ஆனால் நமக்குத் தெரிந்த டாம்20, டாம்22, டாம்70 ஒருவரும் இல்லை. பதிலாக, வேறெந்த உயிரிலும் பார்க்காத டாம்60 என்ற ஒரே ஆள் அந்த வேலையைப் பார்க்கிறார். பழைய செக்யூரிட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டு, சொந்தக்கார ஆள் ஒருவரை உட்கார வைத்த மாதிரி.

ஆற்றல் தயாரிக்காத பைக்கு இவ்வளவு மெனக்கெட்டு ஒரு வாசல் எதற்கு? இங்கேதான் அப்பா சொன்ன குடோன். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் அந்தப் பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். சல்பேட்டைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்யும் தொழில் நடந்துகொண்டிருந்தது. சாதாரண மைட்டோகாண்ட்ரியா செய்யாத தொழில். அதற்கான நொதிகளில் சிலவற்றின் மரபணுக்களை இந்த அமீபா பிற்காலத்தில் வேறு பாக்டீரியாக்களிடமிருந்து வாங்கியிருக்கிறது. பழைய கட்டடத்தில் புது வாடகைதாரர்! அந்தச் சல்பேட்டைக் கொண்டு கொலஸ்டரில் சல்பேட் என்ற பொருள் தயாராகிறது என்றும், அமீபா தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ள அது தேவை என்றும் 2015-ல் தெரிந்தது.

இந்தக் கூடுதான் நோயை ஊருக்குள் சுற்ற வைப்பது. கூடு இல்லாத அமீபா உடம்பை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும். கூட்டுக்குள் இருந்தால் ஈர மண்ணிலும் தண்ணீரிலும் வாரக்கணக்கில் தாங்கும். குடிதண்ணீரில் வழக்கமாகப் போடும் அளவு குளோரினுக்குக் கூட அசையாது, கொதிக்க வைத்தால்தான் சாகும். ஒருவர் மலத்திலிருந்து இன்னொருவர் தட்டுக்கு வருவது அந்தக் கூடுதான்.

மாமா டிஸ்சார்ஜ் ஆனபோது சீட்டில் இன்னொரு மாத்திரை இருந்தது. டைலோக்சனைடு, பத்து நாளைக்கு, தினம் மூன்று வேளை. மெட்ரோனிடசோல் கல்லீரலில் இருந்ததைக் கொன்றுவிட்டாலும், குடலில் மிச்சம் இருப்பவை கூடு கட்டி வெளியேறிக்கொண்டே இருக்கலாம். அதற்குத்தான் இது. மாமாவுக்குக் காய்ச்சல் போய்ப் பசியும் வந்துவிட்டது. "உடம்புதான் சரியாயிருச்சே, இதெதுக்கு?" என்று அட்டையை அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டார். வீட்டில் அத்தை, கல்லூரிக்குப் போகும் மகன், நாலு வயதுப் பேத்தி. எல்லோருக்கும் ஒரே கழிப்பறை, ஒரே தண்ணீர்க் குடம்.

லீவு போட்டு வத்திராயிருப்புக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, மூடிய மில், வாட்ச்மேன் டாம்60, உள்ளே குடோன், குடோனிலிருந்து கூடு என்று மொத்தத்தையும் சொன்னேன். மாமா மில்லில் வேலை பார்த்தவர் இல்லை. ஆனால் குடோன் வாடகை, கேட் பாஸ் எல்லாம் வியாபாரிக்குத் தெரியாததா? கடைசியில் கேட்டார்.

"அப்போ அந்த கேட்டப் பூட்டுற மாத்திரை இருக்கா?"

இன்னும் இல்லை என்றேன். டாம்60 அந்த அமீபாவிடம் மட்டுமே இருக்கிறது, நம்மிடம் இல்லை. அதை மட்டும் அடைத்தால் நம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் மருந்துக்கு நல்ல இலக்கு என்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி இன்னும் எதுவும் வரவில்லை. இப்போதைக்குக் கையில் இருப்பது அலமாரியில் கிடக்கிற அந்த அட்டைதான்.

"அப்ப அதை எடு" என்றார். அத்தை தண்ணீர் கொண்டுவந்தார், கொதிக்க வைத்து ஆறியது. நான் சென்னைக்கு வந்த பிறகு ஒருநாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் போட்டோ ஒன்று வந்தது. மூன்று காலி மாத்திரை அட்டைகள் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் பேத்தியின் கை. கீழே மாமாவின் வாய்ஸ் நோட்: "பாப்பா, முப்பதும் முடிஞ்சுது. எண்ணிப் பாத்துக்க."